வட்டுக்குள் ஒரு கலக்கல்

அன்புள்ள சேகர்,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அக்கா மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். போட்டோ அனுப்பு.

"அந்தத் தட்டைச் சுற்றவிட்டு என்னதான் செய்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். ரத்தப் பரிசோதனைக்கான சிடி அளவு பிளாஸ்டிக் வட்டு அது, உள்ளே மெல்லிய கால்வாய்களும் குட்டி அறைகளும். சுழற்றினால் திரவம் தானே விளிம்பை நோக்கி ஓடும், பம்ப் வேண்டாம். உன் லேபில் சென்ட்ரிஃப்யூஜில் சீரம் பிரிக்கிறாயே, அதே விசைதான். வம்பும் அங்கேதான். சுழற்சிக்குப் பிரிக்கத்தான் தெரியும். ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவை ரீஏஜெண்டோடு, அதாவது சோதனைக்கான ரசாயனத்தோடு, கலக்கச் சொன்னால், கனமானதை வெளியே தள்ளி, லேசானதை உள்ளே நிறுத்தி, அடுக்கி வைத்துவிடும்.

தானாகக் கலக்கட்டும் என்று விட்டால்? பத்தில் ஒரு மில்லிமீட்டர் பரவ குளுக்கோஸுக்குச் சில விநாடி போதும். ஒரு மில்லிமீட்டர் என்றால் கால் மணி நேரம். புரதத்துக்கு மணிக்கணக்காகும்.

அதனால் வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். பஸ் சடாரென்று கிளம்பினால் நாம் பின்னால் சாய்கிறோமே, அப்படி அறைக்குள் திரவம் பின்தங்கிச் சுழலும். இதற்கு ஆய்லர் விசை என்று பெயர். கலப்பதைக் கேமராவில் பார்க்கிறோம். ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு முறை ஃபிளாஷ் மின்னுவதால் வட்டு நின்ற மாதிரி தெரியும். இந்தப் பக்கம் சிவப்பு மை, அந்தப் பக்கம் தெளிந்த நீர். மோட்டாரை எதிர்த்திசைக்குத் திருப்பியதும் நடுக்கோடு நீண்டு, சுருண்டு, மடிப்பின்மேல் மடிப்பாகி மறைந்துவிடும். மெதுவாகத் திருப்பினால் பலிக்காது. பாகுநிலை (திரவத்தின் பிசுபிசுப்பு) ஆளும் மெதுவான ஓட்டம் போன வழியே திரும்பி வரும், மடிந்ததெல்லாம் பிரிந்துகொள்ளும். திருப்பம் வெடுக்கென்று இருக்க வேண்டும்.

ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் குழு 2005இல் 25 மைக்ரோலிட்டரை இப்படிக் கலந்தது. சும்மா விட்டால் 7 நிமிடம், உலுக்கினால் 5 விநாடிக்குள். காந்தம் இழுக்கும் நுண்ணிய மணிகளையும் உள்ளே சேர்த்தபோது அரை விநாடி. எனக்கு அந்த மணிகள் பிடிக்கவில்லை. ஒளியை வைத்து அளக்கும் அறையில் ஒளியை மறைக்க அவை எதற்கு? சாதாரண ரத்தப் பரிசோதனைக்கு 5 விநாடி தாராளம்.

அப்புறம், வட்டு வைத்து ஓடும் மெஷின் ஒன்றை விற்க ஆள் வந்ததாக எழுதியிருந்தாயே, அவசரப்படாதே. அந்த வகை மெஷினில் பொதுவாக ஒரு நோயாளிக்கு ஒரு வட்டு, முடிந்ததும் குப்பைக்கு. மெஷின் விலையை விட வட்டின் விலையை முதலில் கேள். நாள் முழுக்கக் கூட்டம் வரும் உன் லேபுக்குக் கட்டுப்படியாகாது என்றே நினைக்கிறேன். அவர் சொன்ன விலையை எழுது, உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

அன்புடன்,
ரவி