விளக்கை ஆட்டிப் பார்க்கும் மேடை: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. சாக்கு எதுவும் சொல்லப்போவதில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் பட்டறையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். உன் முழங்கால் வலி பற்றி ஒரு வரிகூட இல்லையே, குறைந்ததா இல்லையா? எனக்கு இடது காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. சத்தமான இடத்தில் நிற்காதீர்கள் என்கிறார் டாக்டர். நான் செய்துகொண்டிருப்பதோ அதிர்வு மேடை.

“மோட்டாரில் எடையைக் கோணலாக மாட்டிச் சுற்றவிட்டால் தானாக ஆடிவிட்டுப் போகிறது, இதற்கு ஆறு மாதமா?” என்று கேட்டிருந்தாய். நானும் அப்படி நினைத்துத்தான் தலையைக் கொடுத்தேன். கிரேன் ஓடும் தூலத்திலும் கம்ப்ரஸர் பக்கத்திலும் மாட்டுகிற பெரிய லைட் ஃபிட்டிங்குகள்தான் எங்கள் சரக்கு. அதில் சில, ஒரு வருஷம்கூட ஆகாமல் திரும்பி வந்தன. எல்இடி ஒன்றும் கெடவில்லை. பிராக்கெட்டில் நட்டு கழன்றிருந்தது, ஒன்றில் வெல்டிங் ஓரத்தில் விரிசல், இன்னொன்றில் ஒயர் துளையின் ஓரத்தில் உரசி உரசிச் செம்பு தெரிந்தது. அனுப்புவதற்கு முன் இங்கேயே ஆட்டிப் பார்த்துவிடலாம் என்று நான்தான் வாயைத் திறந்தேன். சரி, நீயே செய் என்று விட்டுவிட்டார்கள்.

எவ்வளவு ஆட்டுவது என்பதில் குழப்பமில்லை. விளக்குகளுக்கான ஐஇசி 60598-1 என்ற சர்வதேசத் தரத்தில், கரடுமுரடான இடங்களுக்குப் போகும் ஃபிட்டிங்குக்கு ஒரு சோதனை இருக்கிறது. வீச்சு, அதாவது நடுவிலிருந்து ஒரு பக்கம் போகும் தூரம், 0.35 மி.மீ., 10 ஹெர்ட்ஸிலிருந்து (நொடிக்கு 10 ஆட்டம்) 55 வரை ஏறித் திரும்ப 10-க்கு இறங்க வேண்டும், நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஓர் ஆக்டேவ் (அதிர்வெண் இரட்டித்தால் ஓர் ஆக்டேவ்), மொத்தம் 30 நிமிஷம். ஏறி இறங்க ஐந்து நிமிஷம் பிடிக்கும், ஆக ஆறு தடவை போய்வரலாம். 0.35 மி.மீ. என்றதும் சிரித்துவிடாதே. ஏழெட்டுத் தாள் அடுக்கினால் வரும் முக்கால் மில்லிமீட்டர்தான் அதன் முழு ஓட்டம். ஆனால் 10 ஹெர்ட்ஸில் 0.14 ஜி (ஜி என்றால் புவியீர்ப்பு முடுக்கம்) ஆக இருப்பது 55 ஹெர்ட்ஸில் 4.3 ஜி ஆகிவிடுகிறது. வீச்சு அதேதான், அதிர்வெண் ஐந்தரை மடங்கு ஏறினால் முடுக்கம் முப்பது மடங்கு.

மேடையும் விளக்கும் சேர்ந்து 60 கிலோ. அடியில் நான்கு சுருள் ஸ்பிரிங். எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு மோட்டார், ஒவ்வொன்றிலும் மையம் விலகிய எடை. பக்கவாட்டு விசை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, மேலும் கீழுமானது மட்டும் மிஞ்சும். இரண்டையும் பல்சக்கரம் போட்டு இணைக்கக்கூட இல்லை. ஒரே மேடையில் இருந்தால் அவை தாமாகவே ஒத்துப்போய்விடும். 1665-இல் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் காய்ச்சலோ என்னவோ படுத்துக்கிடந்தபோது, ஒரே சட்டத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்கள் தாமே இசைந்து ஆடுவதைக் கவனித்தாரே, அதே கூத்துதான்.

முதல் நாளே ஒரு சண்டை. வேகத்தை ஏற்ற ஏற்ற மேடை தாறுமாறாகக் குதிக்கிறது, மோட்டார் வேகம் மட்டும் ஏற மறுக்கிறது. மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவில் எண்ணைத் திருப்பினால் கரண்ட் ஏறுகிறதே தவிர மோட்டார் 4 ஹெர்ட்ஸிலேயே முக்குகிறது. பிறகுதான் உறைத்தது: ஸ்பிரிங் 16 மி.மீ. அமுங்கி நிற்கிறது என்றால் அதன் சொந்த அதிர்வெண்ணே, அதாவது தட்டிவிட்டால் தானாக ஆடும் வேகமே, 4 ஹெர்ட்ஸ்தான். கொடுக்கிற சக்தியை எல்லாம் மேடை தின்றுவிடுகிறது, சுற்றுவதற்கு மிச்சமில்லை. 1902-இல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் ஒரு மேஜை மேல் மோட்டாரை ஓட்டிக் காட்டியது இதைத்தான். மோட்டாரை ஓர் அளவு பெரிதாக்கி, அந்த இடத்தைச் சட்டென்று தாண்டவிட்டோம். தாண்டியதும் மேடை சாதுவாகிவிட்டது.

அப்புறம்தான் எனக்குத் தலைக்கனம் ஏறியது. இந்த வகை மேடையில் ஒரு அழகு இருக்கிறது. ஸ்பிரிங்கின் அதிர்வெண்ணை நன்றாகத் தாண்டிவிட்டால், வேகம் எவ்வளவானாலும் வீச்சு மாறாது. சுற்றும் எடையை ஆரத்தால் பெருக்கி மொத்த எடையால் வகுத்தால் வருவதுதான் வீச்சு. எனக்கு 60 கிலோவுக்கு 21 கிலோ-மி.மீ. போதும்: மோட்டாருக்கு 350 கிராம், 30 மி.மீ. ஆரத்தில். தரம் கேட்பதும் மாறாத வீச்சு, மேடை தருவதும் மாறாத வீச்சு. எந்தக் கட்டுப்பாட்டுக் கருவியும் வேண்டாம் என்று மார்தட்டிக்கொண்டேன். மேடை ஓரத்தில் ஒட்டும் ஆப்பு வடிவ ஸ்டிக்கர் தெரியுமா உனக்கு? ஆடும்போது இரண்டு கோடுகள் மங்கி, ஓரிடத்தில் வெட்டிக்கொள்வதுபோலத் தெரியும். அந்த இடத்தில் உள்ள எண்தான் முழு ஓட்டம். 15-இலும் 0.7, 20-இலும் 0.7, 40-இலும் 0.7. பார்க்கவே குளிர்ச்சியாக இருந்தது.

இவ்வளவும் வெறும் எடைக்கட்டியை மாட்டிப் பார்த்தபோது. நிஜ விளக்கை மாட்டி அளந்ததும் வந்தது வினை.

8 கிலோ ஃபிட்டிங், U பிராக்கெட்டில் தொங்குகிறது. 25 ஹெர்ட்ஸ் வரை ஒன்றுமில்லை. 28-ஐ நெருங்கும்போது, ஸ்டிக்கரில் வெட்டும் புள்ளி மெல்ல நகர்ந்து 0.4-க்கு வந்துவிட்டது. அதாவது வீச்சு 0.2. நான் ஸ்டிக்கர் கழன்றுவிட்டது என்று நினைத்தேன். முடுக்கத்தை அளக்கும் அக்சலரோமீட்டரும் அதையே சொன்னது. இன்னும் இரண்டு மூன்று ஹெர்ட்ஸ் ஏற்றினால் வீச்சு 0.6-ஐத் தாண்டித் துள்ளுகிறது. அதற்கப்புறம் பழையபடி 0.35.

நடந்தது என்ன தெரியுமா? 28 ஹெர்ட்ஸ்தான் பிராக்கெட்டில் தொங்கும் அந்த விளக்கின் சொந்த அதிர்வெண். அந்த இடத்தில் விளக்கு மேடையைவிடப் பத்து மடங்கு ஆட வேண்டும். அப்படி ஆடும்போது அது மேடையைத் திருப்பித் தள்ளுகிறது. 8 கிலோ விளக்கு, மேடைக்கு 80 கிலோபோலக் கனக்கிறது. 60 கிலோவைக் கணக்கில் வைத்து எடை மாட்டிய என் மேடை, அதற்கு முன்னால் அடங்கிப்போய்விடுகிறது. 1909-இல் ஃபிராம் என்ற ஜெர்மானியர் அதிர்வை அடக்கக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தாரே, ஒரு சின்ன எடையை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டுப் பெரிய எந்திரத்தின் ஆட்டத்தைக் குடிக்க வைப்பது, அதே வேலையைக் காசு வாங்காமல் விளக்கு செய்துகொண்டிருந்தது!

விளக்கு எங்கே உடையுமோ, சரியாக அந்த இடத்தில் என் எந்திரம் அதற்குச் சலுகை காட்டுகிறது. 3.5 மி.மீ. ஆட வேண்டிய விளக்கு 2 மி.மீ. ஆடிவிட்டு “பாஸ்” ஆகிவிடும். மேடையில் விளக்கு இல்லாமல் அளந்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் நான்கு ஃபிட்டிங்குகளை நல்லது என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அவற்றைத் திரும்ப வரவழைத்துவிட்டேன். அதில் கிடைத்த திட்டை எழுதினால் காகிதம் போதாது.

மேடையை 150 கிலோவாகக் கனமாக்கிப் பார்த்தேன். சுற்றும் எடையையும் அதற்கேற்ப ஏற்றினோம், 55 ஹெர்ட்ஸில் விசை 250 கிலோவுக்குச் சமமாக இருந்தது 670-க்குப் போயிற்று. இப்போது 28-இல் 0.31-க்குக் குறைந்து, தாண்டும்போது 0.45 வரை போகிறது. முன்னைக்குப் பரவாயில்லை, ஆனால் நிம்மதி இல்லை. பேரிங் வேறு பயமுறுத்துகிறது. ரோலர் பேரிங்கில் பாரம் இரட்டித்தாலே ஆயுள் பத்தில் ஒன்றாகிவிடும் என்பது உனக்கே தெரியும். பழைய பேரிங்கையே விட்டிருந்தால் ஆயுள் இருபத்தைந்தில் ஒரு பங்காகியிருக்கும்.

இடையில் ஒரு மாலை வீணாய்ப் போன கதையையும் சொல்கிறேன், சிரி. 49 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே போகும்போது விளக்கின் கண்ணாடி மெல்ல மூச்சு விடுவதுபோல உள்ளே வெளியே நகர்ந்தது. கண்ணாடி கழன்றுவிட்டது என்று நிறுத்தி, ஸ்க்ரூ எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தோம். கல்லுப்போல இருக்கிறது. மறுபடி ஓட்டினால் மறுபடி மூச்சு. சரியாக 50-இல் அப்படியே இரண்டு பிம்பமாக உறைந்து நிற்கிறது. கடைசியில் பார்த்தால், பட்டறையின் கூரை விளக்கு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை மினுங்குகிறது, அதன் வெளிச்சத்தில்தான் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். விளக்குக்காரர்கள் நாங்கள், விளக்கிடமே ஏமாந்தோம். இப்போது மேடைக்கு மேல் மினுங்காத விளக்கு ஒன்று போட்டிருக்கிறேன்.

ஆட்டி முடித்துப் பிரிக்கும்போது கற்றுக்கொள்வது ஏராளம். நட்டிலிருந்து தகடு வரை குறுக்கே ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு போட்டுவிடுவோம். அரை மணி கழித்துப் பார்த்தால் ஸ்பிரிங் வாஷர் போட்ட நட்டுகளில் கோடு ஒடிந்திருக்கிறது. 1969-லேயே யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர், பக்கவாட்டில் ஆட்டினால் அந்த வாஷர் தாங்காது என்று காட்டிவிட்டார். நாம் இன்னும் அதைத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறோம், நானும் சேர்த்துத்தான். அலுமினிய பிராக்கெட்டைக் கழற்றினால் அடியில் கறுப்பாக மாவுபோல ஒரு தூள், விரலில் ஒட்டும். கண்ணுக்குத் தெரியாமல் உரசியதன் எச்சம். எல்இடிக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவரைத் திறந்தால், உயரமான கெபாசிட்டர் இரண்டு கம்பியில் தலையாட்டிக்கொண்டு நிற்கிறது, அடியில் ஒரு பொட்டு சிலிக்கோன் வைத்திருந்தால் போதும். இதையெல்லாம் மாற்றச் சொல்லிவிட்டேன்.

விளக்கை மேடையோடு பிடிக்கும் தகட்டிலும் ஒரு தவறு செய்தேன், 10 மி.மீ. தகடு 48 ஹெர்ட்ஸில் தானே ஆட ஆரம்பித்துவிட்டது. 20 ஆக்கினோம். தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு, அதோடு தொல்லை விட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பிரிங்கையும் சுற்றும் எடையையும் தூக்கிப்போட்டுவிட்டு, மையம் விலகிச் சுற்றும் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட்டில் மேடையை நேரடியாகத் தள்ளி இழுத்துவிடலாமா என்று பார்க்கிறேன். அப்போது விளக்கு எவ்வளவு எதிர்த்தாலும் மேடை 0.35 போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் ஷாஃப்ட்டின் விலகல் வெறும் 0.35 மி.மீ. பேரிங்கில் 0.03 மி.மீ. தளர்வு இருந்தாலே பத்தில் ஒரு பங்கு போச்சு, அதோடு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை தட்டும். அந்தத் தட்டல் விளக்குக்குள் போனால், நான் சோதிப்பது என் பேரிங்கையா விளக்கையா என்றே தெரியாது.

இந்த மாதிரி ஷாஃப்ட்டைப் பிரஸ் எந்திரங்களில் ஆயுள் முழுக்கத் தேய்த்தவன் நீ. கோணப் பேரிங் இரண்டை எதிரெதிரே வைத்து முன்னழுத்தம் கொடுத்தால் நிமிஷத்துக்கு 3300 சுற்றில் சூடாகாமல் தாங்குமா? அல்லது கோணப் பேரிங்கே வேண்டாம், மெல்லிய தகட்டு ஸ்பிரிங்கால் மேடையை ஒரு பக்கமாக எப்போதும் அழுத்தி வைத்துத் தளர்வைத் தின்னவிடலாமா? இரண்டாவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் பிடித்தது எல்லாம் சரியாக வருவதில்லை என்பதை இந்த ஆறு மாதத்தில் பார்த்துவிட்டேன். வரைபடத்தை இதோடு வைத்திருக்கிறேன். சிவப்புப் பேனாவை எடுத்துத் தாராளமாகக் கிறுக்கு, மனம் நோகமாட்டேன்.

பதில் எழுதும்போது முழங்காலைப் பற்றியும் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்