நிக்கிற இன்ஜின் குடிக்கிற டீசல்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

எல்லா ரயில் லைன்லயும் கரண்ட்டு வந்துருச்சு, இனிமே டீசல் இன்ஜினுக்கு காசு போடுறது வேஸ்ட்டுன்னு உங்க பத்திரிகையில ஒரு வாசகர் எழுதியிருந்தார். பாதி சரிதான். ஆனா யார்டுல பெட்டிகள முன்ன பின்ன தள்ளி சேக்குற ஷன்டிங், கரண்ட்டு போன லைன்ல மாட்டுன வண்டிய இழுத்துட்டு வர்றது இதுக்கெல்லாம் இன்னும் டீசலத்தான கூப்புடுறாங்க?

நான் டீசல் ஷெட்ல ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். ஆல்கோங்கிற பழைய அமெரிக்க டிசைன் இன்ஜின்ல 16 சிலிண்டர், சிலிண்டருக்கு ஒரு ஃப்யூல் பம்ப்பு, அத்தனையையும் இன்ஜினோட சேந்து சுத்துற கேம்ஷாஃப்ட்தான் தட்டிவிடணும், 1964-ல வாரணாசியில செய்ய ஆரம்பிச்ச டபிள்யூடிஎம்-2 ரயில் இன்ஜின் காலத்துலருந்து இதே ஏற்பாடுதான். வேகம் கூட்டுற கைப்பிடியோட கடைசி படி, அந்த 8-வது நாட்ச்ல ஃபுல் லோடுல ஓடுறப்ப குறையே சொல்ல முடியாது. அப்புறம் பம்ப்புக்குள்ள டீசல தள்ளுற பிளஞ்சர 17 மி.மீ. ஆக்குனாங்க, அதுலயும் டீசல் மிச்சமாச்சு.

வம்பு எங்கன்னா ஐடில்ல, அதாவது வண்டி நிக்கிறப்ப இன்ஜின் சும்மா ஓடுறப்ப. கேம்ஷாஃப்ட்டு மெதுவா சுத்துறதால ப்ரெஷர் ஏறாது, நாசில்ல பொகையா தூவ வேண்டிய டீசல் சரியா தூவாது, கொஞ்சம் எரியாம கார்பனா ஒட்டிக்கும், கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியா இறங்கி இன்ஜின் ஆயில்ல கலந்துரும். ரொம்ப நேரம் நின்ன ஆல்கோவ நாட்ச் போட்டதும் கருப்பா ஒரு பொகை வரும் பாருங்க, அத போட்டோ எடுக்கவே பசங்க வருவாங்க (காத்த அமுக்கி உள்ள தள்ளுற டர்போ லேட்டா முழிக்கிறதும் ஒரு காரணம்னு வைங்க).

இதுக்கு மாத்தா காமன் ரெயில்னு ஒரு முறை இருக்கு. அதுல எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரே குழாயில டீசல் ப்ரெஷரோட ரெடியா நிக்கும், இன்ஜின் மெதுவா சுத்தினாலும் கவலையில்ல, எப்ப எவ்வளவு விடணும்னு கம்ப்யூட்டர் பாத்துக்கும், ஐடில்ல பாதி சிலிண்டருக்கு டீசலே குடுக்காம கூட ஓட்டலாம். லக்னோவுல இருக்குற ரயில்வே ஆராய்ச்சி நிறுவனம் ஆர்டிஎஸ்ஓ ஆல்கோவுக்கே இத செஞ்சு பாத்தாங்க.

அதுக்குத்தான், நிக்கிறப்ப பெரிய இன்ஜின அணைச்சுட்டு ஓட்ட ஏபியூன்னு சின்ன இன்ஜின் இருக்கேம்பீங்க. பெரிய இன்ஜின் ஐடில்ல மணிக்கு 25 லிட்டர், ஏபியூ 3 லிட்டர்னு ரயில்வேயே சொன்ன கணக்கு, ரொம்ப நல்ல விஷயம்தான். ஆனா அது வண்டி கொஞ்ச நேரமாச்சும் சும்மா நின்னாத்தான வேலைக்கு வரும், நிமிஷத்துக்கு ஒரு தரம் முன்ன பின்ன போற ஷன்டிங் இன்ஜினுக்கு என்ன செய்யும்?

அதனால எல்லா இன்ஜினுக்கும் வேணாம், யார்டுலயே கெடக்கப்போற இன்ஜினுக்கு மட்டும் காமன் ரெயில் மாட்டட்டும். மாட்டுறதுக்கு முன்னாடி டீசல் டேங்க்குல தண்ணி நிக்காம பாத்துக்கணும், ஃபில்டர ஒழுங்கா மாத்தணும். பழைய பம்ப்பு எதையும் தாங்கும், காமன் ரெயில்ல டீசல தூவுற இன்ஜெக்டர் தாங்காது.

ஒரு பழைய டீசல் ஃபிட்டர்,
மதுரை