பாறை முனையில் இரண்டாவது பாராசூட் இல்லை: வான்குதிப்பு நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

விமானத்திலிருந்து குதிக்கும் தமிழ் நண்பர்களே,

வணக்கம். கொடைக்கானலுக்குக் கீழே பெருமாள்மலையில் வசிக்கிறேன். நானும் உங்களைப் போலப் பாராசூட் கட்டிக் குதிப்பவன்தான். ஹரியானாவின் நார்னோலிலும் தாய்லாந்தின் பட்டாயா பக்கத்திலும் நம்மில் பலர் ஒரே விமானத்தில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து மேலே போயிருக்கிறோம். அந்த உரிமையில் நேராகவே கேட்கிறேன். பழனி மலையின் பாறை முனைகளிலிருந்து குதிக்க வராதீர்கள். வர நினைக்கும் நண்பர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவரைத் தடுத்து நிறுத்துங்கள்.

சென்ற கோடை சீசனில் வட்டக்கானலில் தங்கும் விடுதி நடத்தும் அக்கா ஒருவர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். விடிவதற்கு முன்பே இரண்டு இளைஞர்கள் டால்பின் நோஸ் பக்கம் போய், லேசர் கருவியை வைத்துப் பாறையின் ஆழத்தை அளந்துகொண்டிருந்தார்களாம். பையில் பாராசூட் இருந்ததை அவர் பார்த்திருக்கிறார். அவர்கள் உங்கள் ஆட்களா என்று கேட்டார். நல்ல வேளை, அன்று மேகம் விலகவில்லை. குதிக்காமலே ஊர் திரும்பிவிட்டார்கள். ஆனால் அக்காவின் கேள்வி என்னை விடவில்லை. ஆமாம், நம் ஆட்கள்தான். விமானத்தில் கற்றுக்கொண்டதை வைத்துப் பாறையிலும் குதித்துவிடலாம் என்று நம்பி வந்தவர்கள்.

டிராப் ஜோனில், அதாவது வான்குதிப்புக்கென்றே உள்ள தளத்தில், நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? நம்மில் பெரும்பாலோர் அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் உரிமம் வைத்திருப்பவர்கள். முதல் படியான ஏ உரிமத்துக்கே 25 குதிப்புகள் வேண்டும். தரைக்காற்று மணிக்கு 14 மைலைத் தாண்டினால் மாணவர்களை விமானத்தில் ஏற்றுவதில்லை. காற்று அடங்கட்டும் என்று பாராசூட் மடிக்கும் பாயில் உட்கார்ந்து அரை நாள் பேசிக் கழிக்கிறோம். ஏறும் முன்பு ஒருவர் முதுகை ஒருவர் சோதிக்கிறோம், கதவு திறக்கும் முன்பு மறுபடியும் சோதிக்கிறோம். மாணவர்களும் ஏ உரிமக்காரர்களும் 3,000 அடிக்கு மேலேயே பாராசூட்டைத் திறந்துவிட வேண்டும். கோளாறு என்றால் 2,500 அடிக்குள் முடிவெடுத்து, முதல் பாராசூட்டை வெட்டிவிட்டு ரிசர்வ் எனப்படும் இரண்டாவது பாராசூட்டை இழுக்க வேண்டும். மேலே போன பிறகு ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் குதிக்காமல் விமானத்தோடே தரை இறங்கலாம். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நம் விளையாட்டின் வழக்கங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இந்த ஒழுங்கில் எதுவுமே பாறை முனைக்குக் கூட வருவதில்லை.

கணக்கைப் பாருங்கள். நின்ற இடத்திலிருந்து விழுகிற உடல் முதல் வினாடியின் முடிவில் 16 அடி இறங்கியிருக்கும். இரண்டாவது வினாடியின் முடிவில் 64 அடி, மூன்றாவதில் 144 அடி, நான்காவதில் 250 அடிக்கும் மேல், ஐந்தாவதில் 400 அடி. தூண் பாறையின் உயரம் ஏறத்தாழ 400 அடி. 13,000 அடியிலிருந்து குதிக்கும்போது நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். இங்கே கிடைப்பது ஐந்து வினாடி, அதன் முடிவில் தரை. நாம் வழக்கமாகக் கட்டும் பாராசூட் முழுதாக விரியவே பல நூறு அடி கேட்கும். ரிசர்வை இழுக்க நேரமில்லை என்பதால்தான் பாறையிலிருந்து குதிப்பவர்கள் ஒரே ஒரு பாராசூட்டோடு குதிக்கிறார்கள். மயங்கிப்போனாலும் காப்பாற்றும் என்று நாம் நம்பியிருக்கும் தானியங்கிக் கருவி ஏறத்தாழ 750 அடியில் வேலை செய்வது. 400 அடிப் பாறையில் அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இன்னொன்று, விமானத்தில் மட்டும் குதித்தவர்கள் பலர் யோசித்தே பார்த்திருக்க மாட்டார்கள். விமானக் கதவைத் தாண்டிய கணமே எதிர்க்காற்று நம் மார்பில் மோதுகிறது. கையைக் கொஞ்சம் மடக்கினால் உடல் திரும்புகிறது, இடுப்பை முன் தள்ளினால் நிலைப்படுகிறது. இதையெல்லாம் செய்ய வைப்பது அந்தக் காற்று. பாறையிலிருந்து குதித்தால் முதல் சில வினாடிகளுக்குக் காற்றே கிடையாது. கால் இடறிப் புறப்பட்டால் இடறியபடியேதான் போக வேண்டும். சரிசெய்துகொள்ள நம்மிடம் பழக்கம் இருக்கிறது, ஆனால் பற்றிக்கொள்ளக் காற்று இல்லை. விமானத்திலிருந்து குதிக்கும்போது பாராசூட் எதிர்ப்பக்கம் திரும்பி விரிந்தாலும் நாம் பொருட்படுத்துவதில்லை, கயிற்றை இழுத்துத் திருப்பிக்கொள்கிறோம். பாறையருகே எதிர்ப்பக்கம் விரிந்தால் முகத்துக்கு நேரே கல். பேஸ் ஜம்ப் என்று உலகம் அழைக்கும் இந்த விளையாட்டில் அனுபவசாலிகளையே கொல்கிற காரணங்களில் இது முதன்மையானது.

எங்கள் மலையின் பாறைகள் அதற்கு ஏற்றவையும் அல்ல. சுற்றுலாப் பயணிகள் நிற்கும் இரும்புக் கம்பிக்கு அருகிலிருந்து எட்டிப் பார்த்தால் செங்குத்தாக இறங்குவது போலத்தான் தெரியும். பாதியை மேகம் மறைத்திருப்பதால் அப்படித் தெரிகிறது. பக்கவாட்டிலிருந்து, தெளிவான நாளில் பாருங்கள். படிப்படியாக வெளியே நீட்டிய விளிம்புகள், வெடிப்புகளில் வேர்விட்ட மரங்கள், கீழே சோலைக்காடு. கால் ஊன்றி இறங்கச் சமதரை எங்கே இருக்கிறது? வெயில் ஏறியதும் பெரியகுளம் பக்கத்துச் சமவெளி சூடாகி, காற்று பள்ளத்தாக்கு வழியே மேலேறும். அதோடு மேகமும் வரும். எதிரே இருக்கும் மலை சில நிமிடங்களில் காணாமல் போகும். இங்கே பிறந்து வளர்ந்தவர்களே அந்த நேரத்தில் விளிம்புக்குப் போவதில்லை. பாறை இடுக்குகளில் மலைத்தேனீக்களின் அடைகள் தொங்குகின்றன. கொடிக்கயிற்றில் இறங்கித் தேன் எடுக்கும் பளியர்களுக்கு எந்த அடை எங்கே என்று தெரியும். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு எப்படித் தெரியும்? ஒரு விளிம்பில் பாராசூட் சிக்கித் தொங்குகிறவரைத் தேனீக்கள் சூழ்ந்துகொண்டால் அவரை மீட்க யார் இறங்குவது?

சுவிட்சர்லாந்தின் லவுட்டர்புருன்னனில் குதிக்கிறார்களே என்று சிலர் கேட்கிறார்கள். குதிக்கிறார்கள்தான். அங்கே பாறை சுவர் போல நேராக இறங்குகிறது, அடியில் புல்வெளி விரிந்திருக்கிறது. புல் மிதிபடும் விவசாயிக்கு ஈடாகக் குதிப்பவர்கள் கட்டணம் செலுத்தி அட்டை வாங்குகிறார்கள். குதிக்கும் முன்பு ஹெலிகாப்டர் தளத்துக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அந்த ஹெலிகாப்டர் மீட்புக்கும் சில நிமிடங்களில் வந்துவிடும். இத்தனை இருந்தும் அந்தப் பள்ளத்தாக்கில் ஆண்டுதோறும் மரணங்கள் நடக்கின்றன.

எங்களிடம் என்ன இருக்கிறது? டால்பின் நோஸுக்குக் கீழே வெள்ளகவி என்ற கிராமம் இருக்கிறது. தலைமுறைகளாகச் சாலை இல்லாமல் வாழ்ந்த ஊர். அரிசி மூட்டை குதிரை முதுகில் போகிறது. பிரசவ வலி வந்த பெண்ணையும் பாம்பு கடித்தவரையும் டோலி கட்டித் தோளில் சுமந்துதான் மேலே கொண்டுவருகிறார்கள். நீங்கள் பாறையில் மோதி விழுந்தால் உங்களையும் அவர்கள்தான் சுமக்க வேண்டும். தீயணைப்புத் துறையினரும் வனக் காவலர்களும் ஊர் இளைஞர்களும் கயிறு கட்டி இறங்குவார்கள். யாரும் கேட்டுக்கொள்ளாமலே இறங்குவார்கள், எங்கள் ஊர் வழக்கம் அது. மேலே கொண்டுவந்த பிறகு கொடைக்கானல் அரசு மருத்துவமனை. முதுகெலும்பு முறிந்திருந்தால் மலைப்பாதை வளைவுகளில் ஆம்புலன்ஸில் கீழே இறங்கி, மணிக்கணக்கில் பயணம் செய்து மதுரைக்கு. என் உயிர், என் விருப்பம் என்று சொல்கிறவர் இந்தக் கயிற்றில் இறங்குகிறவரின் உயிரையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் பகுதியின் பெரும்பாகம் 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் இறங்குவது சட்டப்படி குற்றம். அதன் விளைவு குதித்தவரோடு நிற்காது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி காட்டுத்தீயில் சிக்கியவர்களில் 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்குத் தடை வந்தது. வழிகாட்டியாகப் பிழைத்த குடும்பங்கள் வருமானம் இல்லாமல் தவித்தன. அரசே இணையவழிப் பதிவோடு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது 2024இல்தான். அமெரிக்காவின் யோசமிட்டி பூங்காவில் 1980இல் எல் கேப்பிட்டன் பாறையிலிருந்து குதிக்க அனுமதி கொடுத்தார்கள். வந்தவர்களில் சிலர் விதிகளை மதிக்கவில்லை, அந்த ஆண்டே அனுமதியை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பாறையிலிருந்து குதிப்பதைப் படமெடுத்து இந்த விளையாட்டை உலகறியச் செய்த கார்ல் போனிஷ், 1984இல் நார்வேயின் டிரோல்வெகன் பாறையில் இறந்தார். இரண்டு ஆண்டுகளில் அங்கேயும் தடை வந்தது. ஒரு விபத்து நடந்தால் கொடைக்கானலில் முதலில் மூடப்படுவது வட்டக்கானல் பாதை. அதை நம்பித் தேநீர்க்கடை வைத்திருப்பவருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

பயிற்றுநர்களிடம் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. 200 குதிப்புகள் முடிக்காதவர் விங்சூட் எனும் இறக்கை உடையை அணிய முடியாது என்ற விதியில் நீங்கள் உறுதியாக நிற்கிறீர்கள். தலையில் கேமரா மாட்ட வந்தவரையும் அதே எண்ணைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறீர்கள். ஆனால் உங்களிடம் படித்தவர் மலை முனையில் நிற்கும் காணொளியைப் போட்டால் பாராட்டி எழுதுகிறீர்கள். உங்கள் பாராட்டை அனுமதி என்றே இளையவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். துணிச்சலுக்கு முன்மாதிரி காட்ட நமக்கு ஆள் இல்லாமலா போய்விட்டது? 1979இல் ஆக்ராவில் முதன்முதலாகக் குதித்த நம் நாட்டு வான்குதிப்பு வீராங்கனை ரேச்சல் தாமஸ், 2002இல் வட துருவத்தின் மேல் 7,000 அடியிலிருந்து குதித்தார். இடையில் இருந்தவை இருபது ஆண்டுகளுக்கும் மேலான பயிற்சியும் பொறுமையும். அதைச் சொல்லிக்கொடுங்கள்.

பாறையைத் தேடி வருகிறவர்களின் மனக்குறை எனக்குப் புரிகிறது. வடக்கே போக ரயில் டிக்கெட், தங்க அறை, வாடகைக்கு ரிக் (பாராசூட் பை), ஒவ்வொரு முறை மேலே போகவும் பணம். தமிழ்நாட்டில் நிரந்தரமாக நடக்கும் டிராப் ஜோன் ஒன்றுகூட இல்லை. மாதச் சம்பளக்காரர் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை போய் வருவதே பெரும்பாடு. பாறைக்குக் கட்டணம் இல்லை என்று மனம் அதன் பக்கம் போவதில் வியப்பில்லை. அந்தக் குறைக்கு விடை சமவெளியில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுபாதைகள் செட்டிநாட்டிலும் உளுந்தூர்ப்பேட்டையிலும் கிடக்கின்றன. சுற்றிலும் வெட்டவெளி. சோதிக்கப்பட்ட விமானமும் தகுதியுள்ள பயிற்றுநர்களும் ஆம்புலன்ஸும் இருந்தால், ஆண்டில் சில மாதங்களாவது அங்கே குதிக்க அனுமதிக்கும்படி அரசிடம் நாம் ஒன்றாகக் கேட்கலாம். தனித்தனியாகக் கேட்டால் எந்த அலுவலகமும் காது கொடுக்காது.

விளையாட்டுத் துறைக்கும் சுற்றுலாத் துறைக்கும் அனுப்ப ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் உரிம எண்ணோடு கையெழுத்திட வாருங்கள். பயிற்றுநர்கள் முதலில் கையெழுத்திட்டால் மற்றவர்கள் தாமாகவே சேர்வார்கள். ஏப்ரல் சீசன் தொடங்குவதற்குள் அனுப்பிவிட வேண்டும். அதற்கிடையே யாராவது பாறையை அளக்கக் கிளம்புவதாகக் கேள்விப்பட்டால், வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பாமல் அவருடைய அண்ணனுக்கோ அம்மாவுக்கோ போன் செய்யுங்கள்.

அன்புடன்,
பெருமாள்மலையிலிருந்து உங்கள் சக குதிப்பாளன்