பெட்டியின் மேல் ஒரு தேதி: கைப்பேசி தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கைப்பேசிகளைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஐந்து பேர், பத்துப் பேர் வேலை பார்க்கும் சிறு நிறுவனங்களின் கணினிகளையும் கணக்கு மென்பொருள்களையும் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். இதற்கென்று தனியாக ஒரு பிரிவு வைத்துக்கொள்ள வசதியில்லாத அவர்கள், ஏதாவது கோளாறு என்றால் முதலில் கூப்பிடுவது என்னைத்தான். உங்களிடம் ஒரு கோரிக்கை வைப்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். நீங்கள் விற்கும் ஒவ்வொரு கைப்பேசியின் பெட்டியிலும், அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எந்தத் தேதிவரை வரும் என்பதை அச்சிடுங்கள்.

சென்ற ஆண்டு, நான்கு பேர் வேலை செய்யும் ஓர் அச்சகத்திலிருந்து காலையில் அழைப்பு வந்தது. உரிமையாளரின் வங்கிக் கணக்கிலிருந்து இரவோடு இரவாகப் பணம் போயிருந்தது. முந்தைய நாள் மாலை, அவருக்குப் பழக்கமான வாடிக்கையாளர் ஒருவரின் எண்ணிலிருந்து 'நிலுவை ரசீது' என்ற பெயரில் ஒரு கோப்பு வந்திருக்கிறது. அந்தப் பெயர் ஏபிகே என்று, அதாவது செயலியை நிறுவும் கோப்பின் அடையாளத்தோடு, முடிந்திருந்ததை வேலை மும்முரத்தில் அவர் கவனிக்கவில்லை. தொட்டதும் நிறுவவா என்று கேட்டது, சரி என்றார். ரசீதைப் பார்க்க ஓர் அனுமதி வேண்டும் என்று சொல்லி அமைப்புகளில் உள்ள அணுகல்தன்மைப் பக்கத்துக்கு அழைத்துப்போனது, அங்கேயும் சரி என்றார். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லவும், கையால் தொட இயலாதவர்களுக்காகப் பொத்தானை அழுத்தவும் ஏற்படுத்தப்பட்ட நல்ல வசதி அது. அதே அனுமதி ஒரு தீநிரலின், அதாவது கெடுதல் செய்யவே எழுதப்பட்ட மென்பொருளின், கைக்குப் போனால், திரையில் தோன்றும் ஓடிபியை அது படிக்கும், வங்கிச் செயலியைத் திறந்து உரிமையாளரின் விரலாகவே மாறிப் பணத்தை அனுப்பும், தன்னை நீக்க முயன்றால் அந்தப் பக்கத்தையே மூடிவிடும். நள்ளிரவில் அவர் தற்செயலாகக் கைப்பேசியைப் பார்த்தபோது, 'புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம்' என்ற வாசகமும் சுழலும் வட்டமும் மட்டுமே தெரிந்திருக்கின்றன. அந்தத் திரைக்குப் பின்னால்தான் எல்லாம் நடந்துகொண்டிருந்தது. புதுப்பிப்பு என்ற சொல்லுக்கு அவரிடம் இருந்த மரியாதையைத் திருடன் அறிந்து வைத்திருந்தான் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

கைப்பேசியை வாங்கி அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். பாதுகாப்பு பேட்ச் (மென்பொருள் ஓட்டைகளை அடைக்கும் திருத்தம்) என்ற வரிக்கு நேரே இருந்த தேதிக்கு வயது இரண்டு ஆண்டுகள் நான்கு மாதம். ஆனால் அவர் அதைப் புதிதாக வாங்கிப் பதினொரு மாதம்தான் ஆகியிருந்தது. ரசீதை எடுத்துக் காட்டினார். அப்படியானால், பெட்டியின் முத்திரையைக் கிழித்த அன்றே அந்தக் கைப்பேசியின் பாதுகாப்பு பதினேழு மாதம் பழையதாகிவிட்டிருந்தது. உங்களில் ஒருவர் தயாரித்ததுதான். பெயரைச் சொல்லி அவர் ஒருவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல.

விடுபட்ட பேட்ச்சால்தான் பணம் போயிற்று என்று நான் வாதிடப்போவதில்லை. அவரை ஏமாற்றியது ஒரு கோப்பு, அனுமதி கொடுத்தது அவர் விரல். ஆனால் செயலிகளுக்கான அதிகாரப்பூர்வக் கடைக்கு வெளியிலிருந்து வரும் செயலி அணுகல்தன்மை அனுமதியை எளிதில் பெறமுடியாதபடி, 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13இல் ஒரு தடை வைக்கப்பட்டது. அதையும் சுற்றிப்போகத் தீநிரல் எழுதுவோர் வழி தேடிக்கொண்டார்கள் என்றாலும், அது ஒரு தடைதான், அந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்க வைக்கும் தடை. அவருடைய கைப்பேசி அந்தப் பதிப்புக்குப் போகவே இல்லை. போகாது என்று அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை.

எல்லாத் தாக்குதலும் மனிதரின் தவறுக்காகக் காத்திருப்பதில்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2015இல் வெளிப்பட்ட, ஆண்ட்ராய்டின் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வழியாக நுழைய, அதற்கென்றே தயாரித்து அனுப்பிய ஓர் எம்எம்எஸ் போதும், பெற்றவர் அதைத் திறந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை. அதன் பிறகுதான், அந்த ஆண்டு ஆகஸ்ட்டிலிருந்து, கூகுள் மாதந்தோறும் ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு அறிக்கையை வெளியிடத் தொடங்கியது. அந்த அறிக்கை எந்தெந்த ஓட்டைகள் அடைக்கப்பட்டன என்று உலகுக்கே சொல்கிறது. அடைப்பு வந்து சேராத கைப்பேசிக்கு அதுவே திருடனின் கையில் உள்ள வரைபடம்.

மக்கள்தான் புதுப்பிப்பதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கி, சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை முடக்கிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் அதற்குச் சரியான சாட்சி. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே பேட்ச் கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்தக் குற்றச்சாட்டை நானும் ஏற்கிறேன், என் வாடிக்கையாளர்களை அதற்காகத் திட்டியும் இருக்கிறேன். ஆனால் கணினிக்கு ஆதரவு என்று முடிகிறது என்பது முன்கூட்டியே தெரிகிறது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 என்ற நாள் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்டதால், பணம் ஒதுக்கி வைத்து மாற்றிக்கொள்ள முடிந்தது. கைப்பேசியில் அந்த நாளை அறிய, மாடல் எண்ணைத் தேடி, உங்கள் தளத்தில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும் பட்டியலைத் துழாவ வேண்டும்; சில மாடல்களுக்கு அதுவும் இல்லை.

இன்னொன்று. 'நான்கு ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு' என்று விளம்பரத்தில் படிப்பவர், வாங்கிய நாளிலிருந்து நான்கு ஆண்டுகள் என்றே எண்ணுகிறார். நீங்களோ பொதுவாக அந்த மாடல் முதன்முதலில் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகிறீர்கள். விலை இறங்கட்டும் என்று இரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்து வாங்குபவர் பெரும்பாலும் சிறு தொழில் செய்பவர்தான்; அவருக்குக் கிடைப்பது பாதி. ஆண்டுக் கணக்கு வேண்டாம், தேதியே வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டனில் நடைமுறையில் உள்ள சட்டம், இணையத்தில் இணையும் நுகர்வோர் கருவிகளுக்கு எந்த நாள்வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு தரப்படும் என்பதைத் தயாரிப்பாளர் வெளியிட வேண்டும் என்கிறது. அங்கே விற்பவர்கள் அந்தத் தேதியை ஏற்கெனவே முடிவுசெய்து எழுதி வைத்திருக்கிறார்கள், பெட்டிகளில் அச்சிடுவதுதான் பாக்கி, அவ்வளவே. 2023இல் பிக்சல் 8க்குக் கூகுளும், 2024இல் கேலக்ஸி எஸ்24க்குச் சாம்சங்கும் ஏழு ஆண்டுகள் என்று அறிவித்தன, பாராட்டுகிறேன். ஆனால் நான் போகும் இடங்களில் மேசைமேல் இருப்பவை அந்த விலையுள்ள கைப்பேசிகள் அல்ல. சிப் தயாரிப்பாளரின் ஆதரவு முடிந்துவிட்டால் உங்கள் கை கட்டப்பட்டுவிடுகிறது என்பதும் எனக்குத் தெரியும். குறுகிய காலம்தான் தரமுடியும் என்றால் அதையே அச்சிடுங்கள், வாங்குபவர் முடிவுசெய்துகொள்வார். அந்த நாள் நெருங்கும்போது, விளம்பர அறிவிப்புகளை அனுப்பும் அதே திரையில் இதையும் ஒருமுறை சொல்லுங்கள்.

அதுவரை என்னால் ஆனதைச் செய்துகொண்டிருக்கிறேன். வங்கிச் செயலிக்கென்று தனிக் கைப்பேசி, சிம் அட்டைக்கு ஒரு கடவு எண் (PIN), கணக்குக் கோப்புகளுக்குக் கணினியிலிருந்து கழற்றி வைக்கும் ஒரு நகல் என்று போகிற இடமெல்லாம் சொல்கிறேன், பாதிப் பேர் கேட்கிறார்கள்.

அச்சக உரிமையாளர் போன மாதம் வேறொரு கைப்பேசி வாங்கினார். இது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று கேட்டார். அரை மணி நேரம் தேடியும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் பெட்டியைத் திருப்பி, கைப்பேசியின் அடையாள எண்ணான ஐஎம்இஐ அச்சிட்டு ஒட்டியிருந்த வில்லையின் மேல் தன் அளவுகோலை வைத்துப் பார்த்தார். பட்டைக் குறியீட்டுக்குக் கீழே இன்னும் ஒரு வரிக்குத் தாராளமாக இடம் இருக்கிறது என்றார்.

இப்படிக்கு,
சிறு நிறுவனங்களின் கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்