உயிலை முதல் காட்சியிலேயே காட்டிவிடு

அன்புள்ள குமார்,

உன் நாடகத்தைப் படித்து முடித்துவிட்டேன். தை பிறந்ததும் எழுதுகிறேன் என்றவன் பங்குனியில் எழுதுகிறேன். முதலில் நீ திட்டித் தீர்த்துக்கொள், அப்புறம் நான் திட்டுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மொட்டை ரிட்டயர் ஆகிவிட்டான், இனி யாரை மேய்ப்பானோ!

நாடகத்துக்கு வருகிறேன். அண்ணனும் தம்பியும் காட்சிக்குக் காட்சி கத்துகிறார்கள். அண்டா உருள்கிறது. அண்ணி தலையில் அடித்துக்கொள்கிறாள். எனக்குக் கொட்டாவிதான் வந்தது. கடைசியில் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அப்பாவின் உயில் விழுகிறதே, அதைத்தான் பெரிய வெடியாக நினைத்து வைத்திருக்கிறாய். அது வெடித்து அடங்க அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்துக்காக ஒன்றரை மணி நேரம் சனங்களைச் சும்மா உட்கார வைப்பதா?

இத்தனை தெனாவட்டு எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். தங்கச்சி மகள் தன் தோழிகளோடு சேர்ந்து இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத் தமிழில் போடுகிறாள். ஒத்திகைக்கு டீ, வடை வாங்கித் தரும் மாமாவாகப் போனவன், இப்போது வேலைவெட்டியை விட்டுவிட்டு அங்கேயே கிடக்கிறேன். 1879-ல் நார்வேக்காரர் ஒருவர் எழுதியதை நம் வாத்தியார் போர்டில் எழுதிப்போட்டபோது நாம் எங்கே கவனித்தோம்? நமக்கு அப்போது சோடா பாட்டில் விவகாரம்.

அந்த நாடகத்தில் வரும் தபால்பெட்டியைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். கணவன் உயிரைக் காப்பாற்றக் கடன் வாங்கியபோது, தன் அப்பாவின் கையெழுத்தைக் கதாநாயகி நோரா தானே போட்டுவிட்டாள். கடன் கொடுத்த கிராக்ஸ்டாட் அதை விவரமாக எழுதி, அவள் வீட்டுத் தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுகிறான். பெட்டியில் பூட்டு. சாவி கணவன் டோர்வால்டிடம் மட்டும். கண்ணாடி வழியே உள்ளே கடிதம் கிடப்பது தெரிகிறது. இனி மேடையில் யார் என்ன பேசினாலும் நம் கண் அந்தப் பெட்டியை விட்டு நகராது.

இந்தப் பிள்ளைகள் முதலில் பெட்டியைப் பக்கத்துப் படுதாவுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். நோராவாக நடிக்கும் பெண் கையை நீட்டி நீட்டிப் பதறினாள். ஒன்றும் ஏறவில்லை. பிறகு யாரோ ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியை எடுத்து, முன்பக்கத்தை வெட்டிக் கண்ணாடித்தாள் ஒட்டி, உள்ளே ஒரு வெள்ளைக் கவரைச் சாய்த்து, வாசல் பக்கம் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மாட்டினார்கள். அதே பெண், அதே வசனம். அதுவரை செல்போனை நோண்டிக்கொண்டிருந்த லைட்காரர் நிமிர்ந்து பார்த்து, “சார், அவன் பெட்டியத் தொறந்துருவானா?” என்று என்னைக் கேட்டார்.

திறக்கத்தான் போகிறான். டோர்வால்ட் பெட்டியை நோக்கி நடக்கும்போது நோரா பியானோவில் மறுநாள் ஆட வேண்டிய நடனத்தின் முதல் அடிகளைத் தட்டுகிறாள். அவன் நின்றுவிடுகிறான். “எனக்குச் சொல்லிக்கொடு” என்று ஆடத் தொடங்குகிறாள். அவன் மெதுவாக ஆடு என்கிறான், இவள் கூந்தல் அவிழ்ந்து விழ வெறிபிடித்து ஆடுகிறாள். நாளை இரவு ஆட்டம் முடியும்வரை கடிதம் எதையும் திறப்பதில்லை என்று அவன் வாக்குக் கொடுக்கிறான். தனியே நின்று நோரா மணிக்கணக்குப் போடுகிறாள்: இன்னும் முப்பத்தொரு மணி நேரம் உயிரோடு இருக்கலாம். அந்தப் பெண் இதைக் கத்தாமல், பால் கணக்குப் பார்க்கிற மாதிரி சொன்னாள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

இன்னொரு இடம் கேள். கிராக்ஸ்டாட் மனம் இளகி, கடிதத்தைத் திருப்பிக் கேட்டுவிடுகிறேன் என்கிறான். அப்பாடா என்று நாம் மூச்சுவிடும்போது, நோராவின் தோழியே “வேண்டாம், அவருக்கு எல்லாம் தெரியட்டும்” என்று தடுத்துவிடுகிறாள். தப்பிக்கும் வழியை நம் கண்முன் திறந்து காட்டிவிட்டுச் சாத்துகிறார் இப்சன், பாவி மனுஷன்! கடைசியில் டோர்வால்ட் பெட்டியைத் திறக்கும்போது பூட்டில் ஒரு கொண்டை ஊசி உடைந்து கிடக்கிறது. நோரா திறந்து பார்க்க முயன்றிருக்கிறாள். அந்த முயற்சியை நமக்குக் காட்டவே இல்லை. ஊசியை மட்டும் காட்டுகிறார்.

முடிவு தெரிந்தால் ஜனம் எழுந்து போய்விடும் என்பது உன் பயம். கர்ண மோட்சம் கூத்தில் கர்ணன் சாவான் என்று தெரியாமலா ஊரே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது? போருக்குக் கிளம்புகிறவனை மனைவி பொன்னுருவி வழிமறித்துத் தர்க்கம் செய்ய ஆரம்பித்தால் யாரும் அசைவதில்லை. அவள் எவ்வளவு நேரம் நிறுத்தினாலும் அவன் போகத்தான் போகிறான்.

ஆகவே உயிலை முதல் காட்சியிலேயே காட்டு. அண்ணன் அதைப் படத்துக்குப் பின்னால் செருகட்டும், நாம் பார்க்கட்டும். தம்பி தினமும் அந்தப் படத்துக்கே பூப்போடட்டும். வெள்ளையடிக்க வந்தவன் “படத்தைக் கழட்டிரலாமா சார்” என்று கேட்கட்டும். கத்தல் பாதி தானாகக் குறைந்துவிடும்.

இதுவரை சொன்னது சுலபம். குமார், உன் நாடகத்தில் நல்ல வசனமெல்லாம் தம்பிக்குத்தான். அண்ணன் வாயைத் திறந்தாலே விஷம். கிராக்ஸ்டாட் அப்படி இல்லை. நீ செய்ததைத்தான் ஒரு காலத்தில் நானும் செய்தேன், அதைவிடப் பெரிய குற்றமில்லை என்கிறான் நோராவிடம். பிள்ளைகள் வளர்கிறார்கள், அவர்களுக்காக மானமாக ஒரு வேலையில் இருக்க வேண்டும் என்கிறான். அவன் பக்கமும் நியாயம் இருப்பதால்தான் அந்தக் காட்சியில் நமக்கு மூச்சு முட்டுகிறது. உன் அண்ணன் பாத்திரத்துக்கு ஒரே ஒரு நியாயம்கூட நீ கொடுக்கவில்லை. எதனால் என்று எனக்குத் தெரியும். அப்பா காரியத்தன்று பந்தலில் நானும்தானே இருந்தேன். உன் அண்ணன் அன்று பேசியது தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அத்தனை வருஷம் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு அலைந்தவரும் அவர்தான். அதை அவர் வாயாலேயே சொல்கிற மாதிரி ஒரு காட்சி எழுது. தம்பியிடம் பதில் இருக்கக் கூடாது. மேடை ஏற்றாவிட்டாலும் பரவாயில்லை, எழுதி எனக்கு மட்டும் அனுப்பு. கோபம் வந்தால் போன் பண்ணித் திட்டு, ராத்திரி ஒன்பதுக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

பிள்ளைகளின் நாடகம் சித்திரை கடைசியில். தேதி முடிவானதும் சொல்கிறேன், நீயும் சுமதியும் வந்துவிடுங்கள். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, ஃபேன் மட்டும் கொஞ்சம் சத்தம் போடும். போன தடவை எடுத்துக்கொண்டு போன என் குடையையும் கொண்டு வா.

அன்புடன்,
ராமு