நாற்பது சதவீத ஊசியும் உன் நாயும்

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் வந்து மூன்று மாதமாகிறது. பதில் போடாததற்குச் சொல்ல ஒரு நொண்டிச் சாக்குகூட இல்லை. திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். பெரியவர் அதே ஸ்கூட்டர், அதே வசவு. மற்றதெல்லாம் நேரில்.

நேற்று நீ அனுப்பிய நாலு வரிதான் என்னை உட்காரவைத்து எழுத வைக்கிறது. "அம்மாவுக்கு ஃப்ளூ ஊசி போட்டு என்னத்தைக் காணப்போகிறோம், நாற்பது சதவீதம்தானே? ஊருக்குப் போகும்போது நாயை விட்டுப்போகும் விடுதிக்காரன் நாய்க்கும் ஃப்ளூ ஊசிச் சான்று கேட்கிறான், அது அதைவிட வேடிக்கை." எலும்பு ஒட்டுகிறவன் எலும்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே சொன்னேன். இந்த மாட்டு டாக்டர் சொல்வதைக் கொஞ்சம் கேள்.

முதலில் அந்த நாற்பது. ஊசி போட்ட நூறு பேரில் அறுபது பேருக்குக் காய்ச்சல் வரும் என்றா நினைத்தாய்? ஊசி போடாத நூறு பேரில் பத்துப் பேர் ஃப்ளூவோடு டாக்டரிடம் போகிறார்கள் என்று வை. போட்டுக்கொண்ட நூறு பேரில் ஆறு பேர் போவார்கள். நாற்பது சதவீதம் என்பது இதுதான். கணக்கெடுக்கும் விதமும் உனக்குத் தெரிய வேண்டும். இருமல் காய்ச்சலோடு வருகிற எல்லோருக்கும் மூக்கில் குச்சி விட்டுச் சோதிக்கிறார்கள். ஃப்ளூ இருப்பவர்களில் எத்தனை பேர் ஊசி போட்டவர்கள், இல்லாதவர்களில் எத்தனை பேர் என்று ஒப்பிடுகிறார்கள். ஆக அந்த எண், டாக்டரைத் தேடிப் போகும் அளவுக்கு நோய் முற்றியவர்களைப் பற்றியது. ஊசியால் நோய் லேசாகி வீட்டிலேயே படுத்து எழுந்தவன் அதில் வரவே மாட்டான். மருத்துவமனையில் சேரும் அளவுக்குப் போனவர்களை மட்டும் எடுத்துப் பார்த்த ஆய்வும் உண்டு. 2021-இல் வந்தது. ஊசி போட்டிருந்த வயதுவந்தவர்களுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் ஆபத்து 26 சதவீதமும், இறக்கும் ஆபத்து 31 சதவீதமும் குறைவு. இதையும் நாற்பதோடு சேர்த்துச் சொன்னால்தானே நியாயம்?

இனி உன் பக்கத்து நியாயத்தையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த எண் நாற்பதிலேயே நிற்பதில்லை. அமெரிக்காவில் ஆண்டுதோறும் கணக்கிடுகிறார்கள். 2010–11 பருவத்தில் 60. 2004–05-இல் வெறும் 10. 2014–15-இல் 19. 2019–20-இல் 39. அதே ஊசி, அதே கை, இவ்வளவு ஏற்ற இறக்கம். ஏன் என்று கேட்டாய் பார், அங்கேதான் எனக்குப் பசி எடுக்கிறது.

ஊசிக்குள் எந்த வைரஸ் போக வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு ஆண்டுக்கு இரண்டு முறை கூடி முடிவெடுக்கிறது. வட அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியில், தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரில். பிறகு தயாரிக்க ஆறு மாதம். வைரஸ் அந்த ஆறு மாதமும் நடந்துகொண்டே இருக்கும். அதன் மேல்தோலில் ஹீமக்ளூட்டினின் என்று ஒரு முள், அதில் ஓரிரு அமினோ அமிலம் மாறினாலே நம் ஆன்டிபாடிக்கு, அதாவது உடல் தயாரிக்கும் எதிர்ப்புப் புரதத்துக்கு, அடையாளம் தெரியாது. 2014-இல் அப்படித்தான். தேர்வு முடிந்தபின் எச்3என்2 என்ற ஃப்ளூ வகை முகம் மாற்றிக்கொண்டது. பருவம் தொடங்கியபோது உலவிய எச்3என்2-களில் பெரும்பாலானவை ஊசியில் இல்லாத திரிபு.

முகம் மாறியதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உனக்கு ஆய்வுக்கூடம் மறந்து இருபது வருஷமாயிற்று. ஃபெரட் என்ற கீரி மாதிரிச் சின்ன விலங்குக்குப் பழைய வைரஸைக் கொடுத்து, அதன் ரத்தத்திலிருந்து ஆன்டிபாடி உள்ள தெளிநீரை, சீரத்தை, எடுப்பார்கள். அதை 10, 20, 40, 80 என்று இரட்டிப்பாக நீர்த்து, ஒவ்வொரு குழியிலும் புதிய வைரஸையும் ரத்தச் சிவப்பணுவையும் சேர்ப்பார்கள். வைரஸ் சும்மா விட்டால் சிவப்பணுக்களைப் பின்னிக் குழி முழுக்க விரித்துவிடும். சீரம் தடுத்தால் பணுக்கள் அடியில் குங்குமப் பொட்டு மாதிரிப் படியும். கடைசியாகப் பொட்டு விழுந்த நீர்ப்புதான் டைட்டர். பழைய வைரஸுக்கு 640, புதியதற்கு 80 என்றால் எட்டு மடங்கு இறக்கம், ஊசியை மாற்றியாக வேண்டும். மனிதச் சீரத்தில் 40 இருந்தால் நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகும் என்பது பழைய விதி. அளவுகோலே பாதிதான் என்பதைக் கவனி. இப்போதைய எச்3என்2 சிவப்பணுவோடு சரியாக ஒட்டாமல் படுத்துவதால், செல்களில் வைரஸை நேரடியாக முடக்கிப் பார்க்கும் சோதனையும் சேர்த்துச் செய்கிறார்கள்.

இதைவிடக் கொடுமை முட்டை. ஊசி வைரஸை இன்றும் பெரும்பாலும் கோழிமுட்டையில்தான் வளர்க்கிறார்கள். முட்டைக்குள் வாழ வைரஸ் தன்னைத் திருத்திக்கொள்கிறது. எச்3என்2-க்கு முள்ளின் 160-ஆம் இடத்தில் ஒரு சர்க்கரைப் போர்வை புதிதாக வந்திருந்தது. முட்டையில் வளர்ந்த ஊசி வைரஸில் அந்தப் போர்வை காணாமல் போனது என்று 2017-இல் காட்டினார்கள். கூட்டம் கூடிச் சரியான வைரஸைத்தான் தேர்ந்தது, புட்டிக்குள் போனதோ அதன் போர்வை உரித்த தம்பி. எவ்வளவு கூர்மையாகக் கண்காணித்தும் கடைசிப் படியில் முட்டை காலை வாரிவிட்டால் யாரைக் கோபித்துக்கொள்வது? செல்லில் வளர்த்ததும், வைரஸே இல்லாமல் முள்ளை மட்டும் தயாரிக்கும் மறுசேர்க்கை ஊசியும் இந்தத் தொல்லைக்கு வெளியே நிற்கின்றன. மறுசேர்க்கை ஊசியில் ஒரு திரிபுக்கு 45 மைக்ரோகிராம் முள், வழக்கமான ஊசியில் 15.

எல்லா ஃப்ளூவும் இப்படி ஓடுவதில்லை என்பது ஆறுதல். 2016-இல் வந்த தொகுப்பாய்வில் எச்3என்2-க்கு எதிராகப் பாதுகாப்பு 33 சதவீதம், 2009-இல் வந்த எச்1என்1-க்கு 61, பி வகைக்கு 54. நீ சொல்லும் நாற்பதுக்குள் மூன்று வைரஸின் கதை கலந்துகிடக்கிறது. பி வகையில் யமகட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு கண்ணிலேயே படவில்லை. அதை ஊசியிலிருந்து எடுத்துவிடலாம் என்று 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தார்கள். நாலு திரிபு ஊசி மூன்றாகச் சுருங்கிய காரணம் அதுதான். "பழைய ஊசியே நல்ல ஊசி" என்று எவனாவது உன்னிடம் சொன்னால் நம்பாதே.

அம்மா விஷயம். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு எதிர்ப்பு எழும்புவது மந்தம். ஒரு திரிபுக்கு 60 மைக்ரோகிராம் முள் உள்ள ஊசியை வழக்கமான ஊசியோடு ஒப்பிட்ட பெரிய சோதனை 2014-இல் வந்தது. ஃப்ளூ சுமார் 24 சதவீதம் குறைந்தது. கிடைத்தால் அதைப் போடு. இல்லாவிட்டால் சாதாரணம் போதும், அதற்காகக் காத்திருந்து பருவத்தைக் கோட்டை விடாதே. ஆன்டிபாடி ஏற இரண்டு வாரம் ஆகும், பிறகு மாதாமாதம் கரையும். பருவம் தொடங்க நாலு வாரம் முன்பு சரியான நேரம். ரொம்ப முன்னால் போட்டால் வயதானவர்களுக்குக் கடைசி மாதங்களில் கை காலியாகிவிடும். ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்திருக்க வேண்டும். உறைந்துபோன புட்டி கரைந்தபின் பார்க்க நன்றாகவே இருக்கும், வேலை செய்யாது. உன் ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் உறைபெட்டிக்கு ஒட்டினாற்போல் அடுக்கி வைத்திருக்கிறார்களா என்று ஒரு தரம் எட்டிப் பார்.

இப்போது உன் சீமந்த புத்திரன்.

நாய்க்கு ஃப்ளூ இரண்டு வழியில் வந்தது. ஒன்று குதிரையிலிருந்து தாவிய எச்3என்8. ஃப்ளோரிடாவில் பந்தய கிரேஹவுண்டுகளிடம் 2004-இல் பிடிபட்டது. இன்னொன்று பறவையிலிருந்து தாவிய எச்3என்2, ஆசியாவில் தொடங்கி 2015-இல் சிகாகோவைக் கலக்கியது. பெயரைப் பார்த்து ஏமாறாதே. மனிதர்களின் எச்3என்2-வும் இதுவும் ஒரே பெயர் வைத்த இரண்டு குடும்பம். அம்மாவின் ஊசியில் மிச்சத்தை நாய்க்குப் போடலாமா என்று விளையாட்டாகக் கேட்டாய், விளையாட்டாகவே இருக்கட்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. மனிதர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு கூட்டம். குதிரைக்குக்கூட உலக விலங்கு நல அமைப்பின் நிபுணர் குழு ஒவ்வோர் ஆண்டும் கூடி, எந்தக் கிளையைச் சேர்க்க வேண்டும் என்று சொல்கிறது. நாய்க்கு அப்படி யாரும் கூடுவதில்லை. எச்3என்8 ஊசிக்கு அமெரிக்காவில் 2009-இல் அனுமதி, எச்3என்2-க்கு 2015-இல் நிபந்தனை அனுமதி. பிறகு இரண்டும் சேர்ந்த ஊசி. நாய் எச்3என்2 ஆசியாவில் நாய்க்கு நாய் தொடர்ந்து மாறிக்கொண்டிருக்கிறது, அங்கிருந்து மறுபடி மறுபடி வெளியே போகிறது. ஊசிக்குள் இருப்பதை யாரும் பருவத்துக்குப் பருவம் மாற்றுவதில்லை. நாய் ஊசியின் பலனும் ஆய்வுக்கூடத்தில் அளந்தது. ஊசி போட்ட நாய்க்கும் போடாத நாய்க்கும் வைரஸை மூக்கில் செலுத்தி, எத்தனை நாள் இருமியது, எவ்வளவு வைரஸைக் கக்கியது, நுரையீரல் எவ்வளவு கல்லானது என்று பார்த்தார்கள். மூன்றும் குறைந்தன. தொற்றே வராது என்று எந்த லேபிளும் சொல்லவில்லை. ஆகவே "ஊசி போட்டும் இருமுகிறதே" என்று என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது, இருமலைப் பார்க்காதே, மூச்சு விடுகிற வேகத்தைப் பார். பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு ஜாதிகளுக்கு நிமோனியாதான் எமன், ஊசி அதற்குத்தான். உன் பயல் தட்டை மூக்கு என்பதால் சொல்கிறேன், அலட்சியப்படுத்தாதே.

இனி சான்று. சிரிக்காதே, இதில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். நாயின் வழக்கமான கூட்டு ஊசியில் பாராஇன்ஃப்ளூயன்சா என்று ஒன்று இருக்கும். பெயரில் இன்ஃப்ளூயன்சா இருப்பதால் ஃப்ளூ ஊசி ஆயிற்று என்று நினைத்துக்கொள்வார்கள். அது வேறு வைரஸ், ஃப்ளூவுக்குச் சல்லிக்காசு பிரயோசனம் இல்லை. நாய் இருமலுக்கான இன்னொரு கிருமி போர்டடெல்லா, அதற்கு மூக்கில் விடும் சொட்டும் அப்படியே. அட்டையில் நாய் இன்ஃப்ளூயன்சா, எச்3என்2, எச்3என்8 என்று எழுதியிருக்கிறதா பார்.

இல்லையென்றால் இந்த வாரமே முதல் ஊசி. தோலுக்கு அடியில் ஒரு மில்லி. இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் இரண்டாவது. ஒன்றோடு நிறுத்தினால் போடாத மாதிரிதான். இரண்டாவதற்குப் பிறகும் ஒன்றிரண்டு வாரம் கொடு. நீ கிளம்ப ஏழு வாரம் இருக்கிறது என்றாய், மூன்று வார இடைவெளி வைத்தாலும் மூச்சு விட நேரம் இருக்கிறது. பிறகு ஆண்டுக்கு ஒன்று.

விடுதிக்காரனிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: இருமுகிற நாயை எத்தனை நாள் தனியே வைப்பாய்? "இருமல் நிற்கும் வரை" என்றால் நாயைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. எச்3என்8 ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடும். எச்3என்2 வந்த நாய் இருமல் நின்றபின்னும், தொற்றியதிலிருந்து மூன்று வாரத்துக்கு மேல்கூட, வைரஸைக் கக்கலாம். நாலு வாரம் என்று அவன் வாயால் வர வேண்டும். காற்றிலேயே பரவும் என்பதால் ஒரே கூடத்தில் கம்பிக் கூண்டுகளைத் தள்ளிப் போட்டுப் பயனில்லை, தனி அறை, தனி ஆள், தனிக் கிண்ணம் வேண்டும். வைரஸ் தரையில் 48 மணி நேரம், துணியில் 24, கையில் 12 வரை தாக்குப்பிடிக்கும். சாதாரணக் கிருமிநாசினியே கொல்லும், ஆனால் எச்சிலும் அழுக்கும் சோப்பால் கழுவியபின் ஊற்ற வேண்டும், புட்டியில் எழுதியிருக்கும் நிமிடங்கள் வரை தரை ஈரமாக இருக்க வேண்டும்.

திரும்பி வந்தபின் பயல் இருமினால் முதல் நாலு நாளுக்குள் மூக்கில் குச்சி விட்டு பி.சி.ஆர். செய். பத்து நாள் நாட்டு வைத்தியம் பார்த்துவிட்டுச் சோதித்தால் இல்லை என்று வரலாம், அதை நம்பி ஊசி காப்பாற்றிவிட்டது என்றும் சொல்லாதே, விடுதிக்காரனைக் குற்றமற்றவன் என்றும் சொல்லாதே. நாள் தள்ளிப்போயிருந்தால் ரத்தம் எடுத்து வை, இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொன்று எடு. டைட்டர் நாலு மடங்கு ஏறியிருந்தால் வந்து போயிருக்கிறது.

அவன் இருமினால் உனக்கு வருமா என்று அடுத்து கேட்பாய். நாய் ஃப்ளூ மனிதனுக்கு வந்ததாக இதுவரை பதிவில்லை. நீ அவனுக்குக் கொடுக்கலாம், 2009 எச்1என்1 அப்படிச் சில நாய்களுக்குப் போனது. ஆகையால் காய்ச்சலோடு அவன் முகத்தில் முகம் வைத்துக் கொஞ்சாதே. பூனைக்கு எச்3என்2 வரும், உன் அக்கா வீட்டில் சொல்லிவை.

அட்டையைப் படம் எடுத்து இன்றைக்கே அனுப்பு. பாரா என்று மட்டும் இருந்தால் பரவாயில்லை, நான் சிரிக்க மாட்டேன். பெரியவரிடம் மட்டும் சொல்வேன்.

உன்,
ரகு