வாடகை இல்லாத பெஞ்சு: நம் கோயிலுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளுக்கு,

தோத்திரம். தெற்கு லண்டனில், இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த நம் ஆங்கிலோ கத்தோலிக்கக் கோயிலுக்கு ஞாயிறு பதினொரு மணி மாஸுக்கு வரும் எல்லோருக்கும் சேர்த்து, மாதா மாதம் கொடுக்கும் காணிக்கையைப் பற்றி இதை எழுதுகிறேன். திருநெல்வேலிப் பக்கமோ, யாழ்ப்பாணமோ, மட்டக்களப்போ, எந்த ஊரிலிருந்து வந்தவர்களானாலும் சரி. பன்னிரண்டு வருடமாக மாஸ் முடிந்ததும் வெஸ்ட்ரியில் உட்கார்ந்து காணிக்கை எண்ணுபவர்களில் நானும் ஒருத்தி. இரண்டு பேராக எண்ண வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், வெளியே வாயைத் திறக்கக் கூடாது. அதனால் யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று இங்கே சொல்லப் போவதில்லை, பயப்படாதீர்கள். போன மாதம் தட்டில் ஒரு பத்து ரூபாய் நாணயம் கிடந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். நம் நாட்டுக் காசுதான். போட்டவர் யாரென்று நான் தேடவில்லை.

ஜனவரியில் கோயிலைச் சூடாக்கும் பாய்லர் நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று ஞாயிறு கோட்டோடும் மஃப்ளரோடும் முழங்காலில் நின்றோம். ஃபாதர் திருவுடைக்குள்ளே ஸ்வெட்டர் போட்டிருந்தார், கைநுனி வெளியே எட்டிப் பார்த்தது. அந்த மூன்றாவது ஞாயிறு, டீ குடிக்கும் நேரத்தில், நம் குடும்பங்களில் ஒன்று வேளாங்கண்ணி மாதா சுரூபம் ஒன்றை ஊரிலிருந்து வரவழைத்துக் கோயிலுக்குத் தருவதாக, கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வார்டனிடம் சொன்னது. இன்னொரு குடும்பம், இறந்துபோன அப்பா நினைவாகத் தங்க ஜரிகை வைத்த திருவுடை ஒன்று தைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டது. நல்ல மனசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாய்லரைப் பற்றி அங்கே யாரும் மூச்சு விடவில்லை. பாய்லரில் அப்பா பெயரை எழுதி வைக்க முடியாதே.

சிரிக்க எனக்கு உரிமை இல்லை. என் வீட்டுக்காரர் காலமான வருடம் நானும் இதையேதான் செய்தேன். அவர் பெயர் பொறித்த வெள்ளித் தூபக்கலசம் ஒன்று வாங்கித் தரப்போகிறேன் என்று போய் நின்றேன். வார்டன் மிக மரியாதையாக விளக்கினார்: கோயிலுக்குள் இப்படி ஒரு பொருளைக் கொண்டுவர மேலிடத்து அனுமதி வாங்க வேண்டும், வெள்ளி என்பதால் இன்ஷூரன்ஸ் ஏறும், பூட்டி வைக்க இரும்புப் பெட்டியில் இடம் வேண்டும், ஏற்கனவே இரண்டு கலசம் இருக்கிறது. நான் கொடுக்க நினைத்தது கோயிலுக்கு ஒரு செலவாக வந்து நின்றது. கோபத்தில் இரண்டு வாரம் கோயில் பக்கமே போகவில்லை. அப்புறம்தான் விஷயம் உறைத்தது.

உங்களில் பலருக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. “இது பூவுக்கு” என்று எழுதிக் கொடுத்த பணத்தைப் பூவுக்குத்தான் செலவழிக்கலாம். இந்த நாட்டு அறக்கட்டளைச் சட்டம் அப்படி. பூ நிதியில் மிச்சம் கிடக்கும், கரண்ட் பில் கட்ட முடியாமல் பொருளாளர் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார், அங்கிருந்து எடுத்து இங்கே போட முடியாது. நாம் கொடுப்பதெல்லாம் பெரும்பாலும் இப்படிப் பெயர் ஒட்டிய காசு. மாதாவுக்கு மெழுகுத்திரி, ஈஸ்டர் லில்லி, பண்டிகைச் சாப்பாடு. பெயர் ஒட்டாத, பொதுக் கணக்கில் மாதா மாதம் வந்து விழும் காசுதான் கோயிலைத் திறந்து வைத்திருக்கிறது. நான் கேட்க வந்திருப்பது அதைத்தான்.

ஏன் நம் கோயில் மாதிரி இடத்தில் இது இன்னும் முக்கியம் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. நூற்றெழுபது, நூற்றெண்பது வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் எத்தனையோ கோயில்களில் பெஞ்சுக்கு வாடகை. வசதியான குடும்பம் நல்ல இடத்தை வருட வாடகைக்கு எடுத்துக்கொள்ளும். சில பெஞ்சுகளுக்குக் கதவும் பூட்டும்கூட உண்டு. ஏழைகளுக்குப் பின்னால் ஓரத்தில் இலவசப் பலகை. 1833இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் கீபிள் என்ற குருவானவரின் பிரசங்கத்தோடு தொடங்கிய இயக்கத்தின் பிள்ளைகள்தான் ஆங்கிலோ கத்தோலிக்கர்கள், இங்கிலாந்துத் திருச்சபைக்குள்ளேயே பழைய கத்தோலிக்க வழிபாட்டு முறையைப் பிடித்துக்கொண்டவர்கள். தூபம், மணி, திருவுடை என்பதற்காக மட்டுமே அவர்களை எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த வாடகைப் பெஞ்சை ஒழிக்க முன்னால் நின்றவர்களிலும் அவர்கள் உண்டு. 1850இல் பிம்லிகோவில் புனித பர்னபா கோயிலைத் திறந்தபோது எல்லா இருக்கையும் இலவசம். 1863இல் ஹோல்போர்னில், மிகவும் வறிய சந்துகளுக்கு நடுவே, புனித ஆல்பன் கோயில் வந்தது. மெக்கனாக்கி என்ற குருவானவர் அங்கே ஊழியம் செய்தார்.

வாடகை போனால் கோயில் எப்படி ஓடும்? அதற்குத்தான் வாராவாரம் காணிக்கை எடுக்கும் வழக்கத்தை மறுபடி கொண்டுவந்தார்கள். இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரியும் காணிக்கைத் தட்டு அன்றைக்குப் பலருக்கு ரோமாபுரிப் போப்பின் சதியாகத் தெரிந்தது! எக்ஸிடர் நகரத்தில், 1845 ஜனவரியில், குருவானவர் வெள்ளை அங்கியோடு பிரசங்க பீடம் ஏறினார் என்று புனித சிட்வெல் கோயிலில் கூட்டம் கலகம் செய்தது. அங்கி, காணிக்கை, மெழுகுத்திரி எல்லாமே அப்போது ஒரே சந்தேகக் கண்ணால் பார்க்கப்பட்டவை. ஆனால் 1662 ஜெபப் புத்தகத்திலேயே இருக்கிறது: காணிக்கையைத் தகுந்த ஒரு பாத்திரத்தில் வாங்கிப் பயபக்தியோடு குருவானவரிடம் கொண்டுவர வேண்டும், அவர் அதைத் திருமேசையின் மேல் வைக்க வேண்டும். அப்பமும் திராட்சரசமும் இருக்கும் அதே மேசையில் நம் சில்லறையும். அதை எண்ணும்போது எனக்கு இன்னும் கொஞ்சம் கை கூசும்.

நம்மில் பலர் குடியிருக்கும் லூயிஷமுக்குப் பக்கத்திலேயே, நியூ கிராஸில், புனித யாக்கோபு கோயில் குருவானவர் ஆர்தர் டூத் 1877இல் ஜெயிலுக்குப் போனார். மெழுகுத்திரி, தூபம், திருவுடை போன்றவற்றுக்காகத் தொடுத்த வழக்கு அது. அந்தத் தூபத்தை இன்று நாம் சும்மா முகர்ந்துவிட்டுப் போகிறோம். சரி, அதை விடுங்கள். ஆங்கிலோ கத்தோலிக்கர்களுக்கும் குறை உண்டு. 1947இல் நம் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இங்கே பலர் முகம் சுளித்தார்கள். பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்யாத போதகர்களையும் எப்படிச் சேர்க்கலாம் என்று. என் தாத்தா எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கம் வளர்த்த நாசரேத்துக்காரர். இவர்கள் முகம் சுளித்த கோபம் அவருக்குக் கடைசி வரை போகவில்லை.

இனி நீங்கள் எல்லோரும் சொல்லும் பதிலுக்கு வருகிறேன். “இங்கிலாந்துத் திருச்சபை ராஜாவின் சபையாச்சே, அரசாங்கம் கொடுக்காதா? கோடி கோடியாக வைத்திருக்கிறார்களே?” குருவானவர் சம்பளத்தை அரசாங்கம் கொடுப்பதில்லை. சர்ச் கமிஷனர்ஸ் என்ற அமைப்பிடம் ஆயிரம் கோடி பவுண்டுக்கு மேல் முதலீடு இருப்பது உண்மை. 1704இல் ஆன் ராணி ஏற்படுத்திய நிதியும், 1836இல் வந்த இன்னொரு அமைப்பும் 1948இல் ஒன்றாகச் சேர்ந்ததுதான் அது. ஆனால் அந்த வருமானம் பேராயர்களுக்கும் கதீட்ரல்களுக்கும், 1998க்கு முன் செய்த ஊழியத்துக்கான குருமார் ஓய்வூதியத்துக்கும், ஏழைப் பங்குகளுக்கான உதவிக்கும் போகிறது. நம் கோயில் கூரை ஒழுகினால் அவர்கள் ஓடி வர மாட்டார்கள். கூரை, விளக்கு, இன்ஷூரன்ஸ், பாய்லர் எல்லாம் நம் தலையில். அதற்கு மேல் மறைமாவட்டத்துக்கு நம் பங்காக ஒரு தொகை வருடா வருடம் கொடுக்க வேண்டும். ஃபாதரின் சம்பளம், வீடு, ஓய்வூதியம், புதிய குருமார் பயிற்சி எல்லாம் பெரும்பாலும் அதில்தான் நடக்கிறது. பாதுகாக்க வேண்டியவை என்று அரசு பட்டியலிட்ட பழைய கோயில்களின் பழுதுபார்ப்புக்கு வாட் வரியைத் திருப்பித் தந்த அரசுத் திட்டத்துக்கும் 2025இல் ஒரு கோயிலுக்கு வருடத்துக்கு 25,000 பவுண்டு என்று வரம்பு கட்டினார்கள்.

“ஊர்க் கோயிலுக்குத்தான் அனுப்புகிறோமே” என்று சிலர். அனுப்புங்கள், நானும் அனுப்புகிறேன். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு முருங்கைக்காய்க் கட்டை ஃபோனிலேயே ஏலம் கேட்டு வாங்கினவள் நான். அதைத் தின்றது என் தம்பி. ஆனால் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் இங்கே, திடப்படுத்தல் இங்கே, என் வீட்டுக்காரரை அடக்கம் பண்ணினது இங்கே. அடக்கத்துக்கு முந்தின ராத்திரி முழுக்க அவர் பெட்டி கோயிலுக்குள் இருந்தது, பக்கத்தில் ஆறு பெரிய மெழுகுத்திரி எரிந்துகொண்டிருந்தது. ராத்திரி முழுக்கக் கோயில் சூடாக இருந்தது. அந்த எரிவாயுவுக்கு யார் கட்டினார்கள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

என் அம்மா உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துக் கோயில் பானையில் போடுவாள். வீட்டில் பத்துப் பேர் சாப்பிட்டாலும் சரி, இரண்டு பேர் சாப்பிட்டாலும் சரி. மிச்சத்தில் கொடுக்கவில்லை, முதலில் எடுத்துவைத்தாள். அந்தப் பிடியரிசிக்கு இங்கே ஸ்டாண்டிங் ஆர்டர் என்று பெயர்: பேங்க் கணக்கிலிருந்து மாதா மாதம் தானாகவே போகும் காசு. சம்பளம் வந்த மறுநாள் போய்விட்டால் அது இருந்ததே தெரியாது. டைரக்ட் டெபிட் வழியாகப் பாரிஷ் கிவிங் ஸ்கீம் என்று ஒன்றும் இருக்கிறது; விலைவாசி ஏறும்போது காணிக்கையும் கூடவே கொஞ்சம் ஏறும்படி சொல்லிவைக்கலாம். இது எனக்கு ரொம்பத் தேவைப்பட்டது. பல வருடமாக நான் போட்டது ஐந்து பவுண்டு நோட்டு. காகித நோட்டு போய் பிளாஸ்டிக் வந்தது, ராணி முகம் போய் ராஜா முகம் வந்தது, என் ஐந்து மட்டும் அசையவில்லை.

அப்புறம் கிஃப்ட் எய்ட். வருமான வரி கட்டுபவர் ஒரே ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால், நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் வரித்துறையிலிருந்து கோயிலுக்கு வரும். பத்து பவுண்டு பன்னிரண்டரை ஆகிறது, உங்களுக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை. வரி கட்டாத பென்ஷன்காரர்கள் தயவுசெய்து கையெழுத்துப் போட வேண்டாம்; பிறகு வித்தியாசத்தை உங்களிடமே கேட்பார்கள். எவ்வளவு கொடுப்பது என்று கேட்டால், இந்தத் திருச்சபையின் பொதுச் சினட் என்ற ஆட்சி மன்றம் சொல்வது கைக்கு வரும் வருமானத்தில் 5 சதவீதம். தசமபாகம் கேட்டு வளர்ந்த நமக்கு இது பாதிதான். நான் இன்னும் அந்த ஐந்தை எட்டவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

விசாவுக்குக் காத்திருப்பவர்கள், படிக்க வந்த பிள்ளைகள், இரண்டு வேலை பார்த்தும் ஊரில் கடன் அடைப்பவர்கள்: நீங்கள் எதுவும் போட வேண்டாம். தட்டு வரும்போது தலையைக் குனிந்துகொள்ளவும் வேண்டாம். பெஞ்சை இலவசமாக்கியதே உங்களுக்காகத்தான். மற்றவர்கள் சேர்ந்து உங்கள் இடத்துக்கும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கோயில் கமிட்டி மேலும் எனக்கு வருத்தம் உண்டு. காசைப் பற்றிப் பேசினால் அநாகரிகம் என்று ஆங்கிலேயர்களுக்கு ஒரு கூச்சம். வருடக் கணக்கைப் பின்பக்க மேசையில் வைத்துவிட்டு நாமே புரிந்துகொள்வோம் என்று விட்டுவிடுகிறார்கள். தமிழில் ஒரு பக்கம் எழுதித் தர எனக்குச் சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன். இப்போது கேட்காமலே எழுதுகிறேன். மே மாத முடிவுக்குள் வருடாந்திரக் கூட்டம் நடக்கும். போன தடவை அதில் நம்மவர்கள் மூன்று பேர் இருந்தோம். இந்தத் தடவை வாருங்கள், சபை வாக்காளர் பட்டியலில் பெயர் பதியுங்கள், எதற்கு எவ்வளவு போகிறது என்று வாய்விட்டுக் கேளுங்கள். கொடுக்கிறவருக்கும் கொடுக்காதவருக்கும் அங்கே ஒரே ஓட்டுதான்.

வருகிற இரண்டு ஞாயிறும் மாஸ் முடிந்ததும் தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்து மேசையில் படிவங்களோடு உட்கார்ந்திருப்பேன். பேங்க் அட்டையை எடுத்து வாருங்கள், சார்ட் கோட் என்ற பேங்க் கிளை எண் அதில் இருக்கும். மூக்குக் கண்ணாடியையும் மறக்காதீர்கள், எழுத்து பொடி. மெதுவடை சுட்டுக் கொண்டுவருகிறேன். படிவத்தை நிரப்பாதவர்களும் சாப்பிடலாம்.

உங்கள் சகோதரி,
காணிக்கை எண்ணும் அக்கா